புது கணினிக்கு பயாஸ் அப்டேட்: கை வைக்கலாமா, வேண்டாமா?

கேள்வி: அண்ணா, நான் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன், வீட்டிலிருந்தே த்ரீடி அனிமேஷன் வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி முதல் முறையாக நானே ஒரு கணினி அசெம்பிள் செய்தேன். இன்டெல் ஐ7 14700கே, இசட்790 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5, 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. போர்டு பழைய ஸ்டாக் என்று விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள், பயாஸ் தேதி டிசம்பர் 2023 என்று காட்டுகிறது. வீடியோக்களில் எல்லோரும் முதல் வேலையாக பயாஸ் அப்டேட் செய்யச் சொல்கிறார்கள். கூட வேலை செய்யும் சீனியர் ஒருவர், "ஓடுற மெஷின்ல கை வைக்காதே, நடுவுல கரன்ட் போனா போர்டு காலி" என்கிறார். எங்கள் ஏரியாவில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது. செய்யவா, விடவா? செய்வதாக இருந்தால் அப்பா கடையில் டேலி மட்டும் ஓடும் பழைய கணினிக்கும் சேர்த்துச் செய்துவிடலாமா? இன்னொன்று, ஒரு கேம் மட்டும் சில சமயம் திறக்கும்போதே வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கார்டை மாற்ற வேண்டியிருக்குமோ?

பதில்:

தம்பி, செய்துவிடுங்கள். இந்த வாரமே செய்யுங்கள். செய்து முடிக்கும்வரை அந்த கேமையும் ராத்திரி முழுக்க ஓடவிடும் ரெண்டரையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடி போர்டை எழுப்பும் நிரல், அதைப் பற்றி யார் கேட்டாலும் என்ன பிராசசர், என்ன போர்டு, என்ன தேதி என்று திருப்பிக் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை. உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன, கூடவே கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த வீடியோ மெமரி வரியும் இருக்கிறது. எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது.

12 ஜிபி கார்டை வைத்துக்கொண்டு ஒரு கேம் திறக்கும்போதே மெமரி போதவில்லை என்று சொன்னால் யாராக இருந்தாலும் கார்டைத்தான் சந்தேகப்படுவார்கள். டிரைவரை அழித்து மறுபடி போடுவார்கள், கார்டை ஆர்எம்ஏவுக்கு, அதாவது வாரன்ட்டியில் மாற்றித் தரச் சொல்லி, அனுப்புவார்கள், புதுக் கார்டு வந்த பிறகும் அதே செய்தி வரும். அன்ரியல் என்ஜினில் செய்த கேம்கள் பல திறக்கும்போது, காட்சியை வரைய கார்டுக்கு வேண்டிய ஷேடர் கோப்புகளை விரித்துத் தயார் செய்கின்றன. அந்த வேலை நடப்பது கார்டில் இல்லை, பிராசசரில், அதுவும் எல்லா கோர்களையும் முழு வேகத்தில் ஓட்டி. அங்கே பிராசசர் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால் விரித்த கோப்பு கெட்டுப்போகிறது. என்ன நடந்தது என்று கேமுக்குத் தெரியாது, கையில் இருக்கிற ஒரு செய்தியை எடுத்துக் காட்டுகிறது, அது வீடியோ மெமரி போதவில்லை என்பதாக இருக்கிறது. 2024இல் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் வைத்திருந்த நிறையப் பேர் இதே செய்தியோடுதான் அலைந்தார்கள். உங்களுடைய 14700கே அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நடந்தது என்னவென்று இன்டெல்லே பிறகு விளக்கம் கொடுத்தது. கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் ஒரு சர்க்யூட், அதிக வோல்டேஜும் சூடும் சேரும்போது சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. தேயத் தேய, முன்பு ஒழுங்காக ஓடிய வோல்டேஜ் அதற்குப் போதாமல் போகிறது, கணக்குப் பிசகுகிறது, கேம் மூடிக்கொள்கிறது, ஜிப் கோப்பைப் பிரித்தால் பிழை என்கிறது, நடுவில் நீலத் திரை வருகிறது. 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள மாடல்களில்தான் இந்தப் பிரச்சினை. இதற்காக மைக்ரோகோடு என்று சொல்கிற, பிராசசருக்கு உள்ளேயே ஏறி வேலை செய்யும் சின்ன நிரலை இன்டெல் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்திக் கொடுத்தது. 2024 ஜூனில் 125 என்ற எண்ணில் ஒன்று வந்தது. ஆகஸ்டில் 129 வந்தது, பிராசசர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க விடாமல் தடுப்பது அதுதான். செப்டம்பரில் வந்த 12பி முந்தைய இரண்டையும் சேர்த்துக்கொண்டு, கணினி சும்மா இருக்கும்போதும் லேசான வேலை நடக்கும்போதும் வோல்டேஜ் ஏறிய பிரச்சினையையும் சரிசெய்தது. 2025 மே மாதம் 12எஃப் வந்தது, நாள் கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் கணினிகளுக்காக. இவற்றையெல்லாம் போர்டு கம்பெனிகள் தங்கள் பயாஸில் வைத்துத்தான் நம் கைக்குத் தருகின்றன. டிசம்பர் 2023 பயாஸில் இதில் ஒன்றுகூட இருக்க முடியாது. மூன்று வாரமாக உங்கள் பிராசசர் அந்தத் தடுப்பு எதுவும் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்தக் காலத்து இசட்790 பயாஸ்களில் பவர் லிமிட்டை 4096 வாட் என்று திறந்துவிட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம், அதாவது லிமிட்டே இல்லை என்று அர்த்தம். 14700கேவுக்கு இன்டெல் சொல்லும் உச்சம் 253 வாட். புது பயாஸ்களில் இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை வைத்தால் இந்த அளவுக்குள் நின்றுவிடும். உங்கள் ரெண்டர் நேரம் கொஞ்சம் கூடலாம், பெரிய வித்தியாசம் இருக்காது. மாதக்கணக்கில் வேலை வாங்கப்போகும் மெஷினுக்கு அதுதான் நல்லது.

பயந்துவிடாதீர்கள். மூன்று வாரத்தில் பிராசசர் கெட்டுத்தான் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பவர் லிமிட் திறந்து கிடப்பதாலேயே இப்படித் தடுமாறலாம், ரேமை அதன் சாதாரண வேகத்துக்கு மேல் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற செட்டிங் ஒத்துவராமலும் இதே மாதிரி வரலாம். ஆனால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: மைக்ரோகோடு இனிமேல் தேயாமல் காப்பாற்றும், ஏற்கனவே தேய்ந்ததைத் திருப்பித் தராது. அதனால்தான் இந்த வாரமே என்று அவசரப்படுத்துகிறேன்.

சரி, உங்கள் சீனியர் சொன்னதற்கு வருவோம். அவர் சும்மா பயமுறுத்தவில்லை. ஃபிளாப்பியில் டாஸ் போட்டு பயாஸ் எழுதிய காலத்தில் நடுவில் கரன்ட் போனால் போர்டு நிஜமாகவே கட்டைதான். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் பயாஸ் சிப்பையே அழித்து ஏகப்பட்ட கணினிகளை எழுந்திருக்க விடாமல் செய்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சிப்பைத் தொடுவதென்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பயத்தில் வந்த விதி அது, வேறு வேலையே இல்லாமல் மாதாமாதம் அப்டேட் தேடுகிறவர்களுக்கு இன்றைக்கும் பொருந்தும். ஆனால் உங்கள் மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஒரு கேம் விழுகிறது, பிராசசரை அரிக்கும் குறை என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்ட ஒன்றுக்கு மருந்து வெளியே இருக்கிறது, உள்ளே இல்லை. அதோடு, புதுக் கணினிதான் இந்த வேலைக்குத் தோதான கணினி. மூன்று வாரத்து மெஷினில் பெரிதாக எதுவும் சேர்ந்திருக்காது, பில் கையில் இருக்கிறது, கடைக்காரருக்கு உங்கள் முகம் இன்னும் மறந்திருக்காது. இரண்டு வருஷம் கழித்து கிளையன்ட் வேலை நெருக்கும்போது செய்வதைவிட இப்போது செய்வது எவ்வளவோ மேல்.

கரன்ட் விஷயத்துக்கு என் பதில், பெரும்பாலும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன். இசட்790 போர்டுகள் பலவற்றில் பின்பக்க ஐஓ தகட்டிலேயே சின்னதாக ஒரு பட்டன் இருக்கும், பக்கத்தில் ஒரு யூஎஸ்பி போர்ட்டுக்கு மட்டும் தனியாகப் பெயரோ கோடோ போட்டிருக்கும். இந்த வழியில் பிராசசர் வேலையே செய்வதில்லை, போர்டில் உள்ள தனிச் சிப் பென் டிரைவிலிருந்து நேராக பயாஸை எழுதிவிடுகிறது. உங்கள் நிலைமையில், அதாவது பிராசசர் மேலேயே சந்தேகம் இருக்கும்போது, எனக்கு இதுதான் பிடித்த வழி. நடுவில் கரன்ட் போய்விட்டாலும் அதே பட்டனை வைத்து மறுபடி எழுதிக்கொள்ளலாம், போர்டு உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பட்டன் இல்லாத போர்டு என்றால் பயாஸுக்கு உள்ளே போய்ச் செய்ய வேண்டும். ஏசஸில் ஈசி ஃபிளாஷ், எம்எஸ்ஐயில் எம்-ஃபிளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃபிளாஷ், ஏஎஸ்ராக்கில் இன்ஸ்டன்ட் ஃபிளாஷ். அப்படிச் செய்வதானால் முதலில் டீஃபால்ட் செட்டிங்கைப் போட்டு, எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து அப்டேட் செய்யும் சாஃப்ட்வேர் மட்டும் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். தடுமாறுகிற மெஷினில் விண்டோஸ் நடுவில் விழுந்தால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும்.

யூபிஎஸ் ஒன்று கட்டாயம் வையுங்கள், ஃபிளாஷ்பேக் என்றாலும். 600 விஏ போதும், அந்த நேரத்தில் கணினி அதிகம் இழுக்காது. பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று முதலில் ஒரு டேபிள் லேம்ப்பை மாட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள். அபார்ட்மென்ட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று நம்பி இறங்காதீர்கள், அது எடுத்துக்கொள்ளும் சில நொடிக்குள் கணினி அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டராக இருந்தால் பின்பக்கம் யூபிஎஸ் மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், அதில் வைத்தால்தான் கணினி அணையாத வேகத்தில் மாறும். ஏப்ரல், மே மாதம் பெங்களூரில் சாயங்காலமானால் இடியும் மழையும்தான், அந்த நேரத்தை விட்டுவிட்டு காலையில் உட்காருங்கள்.

கோப்பை எடுப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். போர்டு கம்பெனியின் சப்போர்ட் பக்கம் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வைஃபை உள்ளது, இல்லாதது, டிடிஆர்4, டிடிஆர்5 என்று ஒரே பெயரில் நாலைந்து போர்டு இருக்கும். சில கம்பெனிகள் ரிவிஷன் எண்ணை போர்டின் ஓரத்திலேயே சின்ன எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், டார்ச் அடித்துப் பார்த்து அதையும் ஒப்பிடுங்கள். பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய புதியதை எடுங்கள். கூடவே உள்ள குறிப்பைப் பொறுமையாகப் படியுங்கள்: மைக்ரோகோடு எண் அதில் இருக்கும், எம்இ ஃபர்ம்வேர் என்ற இன்டெல்லின் இன்னொரு உள்நிரலை முதலில் போடச் சொல்லியிருந்தால் அதுவும் இருக்கும். பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்யுங்கள். ஜிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் பயாஸ் கோப்பை மட்டும் போடுங்கள். ஃபிளாஷ்பேக்குக்குப் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கும், என்ன பெயர் என்று போர்டு மேனுவலில் இருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு புதிதாகப் போட்டிருந்தால், உங்களைக் கேட்காமலேயே டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அந்தப் பூட்டு ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். பயாஸ் மாறியதும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி சந்தேகப்பட்டு, நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். பயாஸ் அப்டேட் நல்லபடியாக முடிந்தும் ரெக்கவரி கீ இல்லாமல் முழு டிஸ்க்கையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் முந்தின நாள் ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் போதும். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து டிவைசஸ் பகுதியில் அந்தக் கீயை எடுத்து, ஃபோனில் மட்டும் வைக்காமல் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிராஜெக்ட் கோப்புகளை வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி போட்டுவிடுங்கள்.

அப்புறம் இப்போதைய பயாஸ் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அப்டேட் ஆனதும் ஃபேன் வேகம், எக்ஸ்எம்பி, பூட் வரிசை எல்லாம் கம்பெனி வைத்த டீஃபால்ட் நிலைக்குப் போய்விடும். விஎம்டி என்று ஸ்டோரேஜ் பக்கத்தில் ஒன்று இருக்கும், அது ஆனா ஆஃபா என்று கண்டிப்பாகக் குறித்துக்கொள்ளுங்கள், அது மாறிப்போனால் விண்டோஸ் பூட் ஆகாது, டிஸ்க்கே போய்விட்டதோ என்று பதறுவீர்கள்.

ஃபிளாஷ்பேக் செய்யும்போது கணினியை அணைத்துவிடுங்கள், ஆனால் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஸ்விட்ச் ஆனில் இருக்கட்டும். பென் டிரைவை அந்தக் குறிப்பிட்ட போர்ட்டில் மட்டும் சொருகி, பட்டனை மூன்று நொடி போல அழுத்துங்கள். விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும், தானாக அணையும்வரை எதையும் தொடக்கூடாது, ஐந்து பத்து நிமிடம் ஆகும். சில நொடி சிமிட்டிவிட்டு நின்றுபோனால் பெரும்பாலும் கோப்பின் பெயரோ ஃபார்மட்டோ தப்பு, போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, சரிசெய்து மறுபடி அழுத்துங்கள்.

அடுத்து வருவதுதான் நிஜமான கண்டம். அப்டேட் முடிந்து முதல் முறை ஆன் செய்ததும் டிடிஆர்5 ரேமை போர்டு புதிதாகப் பழக்கிக்கொள்ளும். திரை கறுப்பாக இருக்கும், ஃபேன் சுற்றும், நின்று மறுபடி சுற்றும், போர்டில் டிராம் என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரியும். சில நிமிடம் இப்படியே போகும். இந்த நேரத்தில் பயந்து பவர் பட்டனை அமுக்கிவிட்டு, போர்டு செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மேசையில் வைத்து ஆன் செய்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பயாஸ் திரை நின்றுகொண்டிருக்கும். நீங்களும் ஒரு கால் மணி நேரம் பொறுங்கள்.

நிஜமாகவே எழுந்திருக்காத போர்டுக்கும் வழி இருக்கிறது. பயாஸ் இருப்பது எட்டுக் கால் உள்ள ஒரு சின்னச் சிப்பில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஒரு மூலையில் புள்ளி வைத்திருக்கும். அந்தப் புள்ளி பக்கம் கிளிப்பின் சிவப்பு ஒயர் வரும்படி கவ்வ வைத்து, புரோகிராமர் வழியாக லேப்டாப்பிலிருந்து நேராக எழுதிவிடலாம். எஸ்.பி. ரோட்டில் சிப் லெவல் சர்வீஸ் என்று போர்டு மாட்டிய கடைகளில் இது அன்றாட வேலை. நீங்களாகச் செய்ய வேண்டாம், இப்படி ஒரு கடைசி வழி இருக்கிறது என்று தெரிந்தால் கை நடுங்காது, அதற்காகச் சொல்கிறேன்.

அப்டேட் முடிந்து பயாஸுக்கு உள்ளே போனதும் இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுங்கள், விஎம்டியைப் பழையபடி வையுங்கள், எக்ஸ்எம்பியை மட்டும் இப்போதைக்கு ஆன் செய்யாதீர்கள். விண்டோஸில் எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டால் மைக்ரோகோடு எண் தெரியும், 12பி அல்லது அதற்குப் பிந்தையது காட்ட வேண்டும். இரண்டு நாள் அந்த கேமைப் பலமுறை திறந்து பாருங்கள், பிளெண்டரோ மாயாவோ உங்கள் கனமான காட்சியை ஓடவிடுங்கள், பெரிய ஜிப் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் எக்ஸ்எம்பியை ஆன் செய்து மறுபடி இரண்டு நாள். அதற்குப் பிறகு தொந்தரவு திரும்பினால் ரேமைச் சோதிக்க வேண்டும். கார்டுக்காக இப்போது ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

ஏஎம்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. அதன்பிறகு வந்த பயாஸ்கள் மெமரியைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டில் நிறுத்துகின்றன. அதற்கு முந்தைய பயாஸோடு இந்தப் பிராசசர்களுக்கான பழைய ஸ்டாக் ஏஎம்5 போர்டு யாருக்காவது கிடைத்திருந்தால், எக்ஸ்போவை (ஏஎம்டியில் எக்ஸ்எம்பி மாதிரி) ஆன் செய்வதற்கு முன்னால் அப்டேட் செய்துவிடுங்கள்.

அப்பாவின் கணினியைத் தொடாதீர்கள். டேலி ஓடுகிறது, விழுவதில்லை, புதுப் பிராசசர் போடப்போவதில்லை. அந்த போர்டின் சப்போர்ட் பக்கத்தைத் திறந்து பாருங்கள், கடைசி அப்டேட்டில் முக்கியமான பாதுகாப்பு ஓட்டை எதையாவது அடைத்திருப்பதாக எழுதியிருந்தால் யோசிக்கலாம். பொதுவாக ஸ்டெபிலிட்டியை மேம்படுத்தியது என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அதற்காகக் கடையின் கணக்கு ஓடும் மெஷினைப் பணயம் வைக்க வேண்டியதில்லை, உங்கள் சீனியர் சொன்னது அங்கே அப்படியே பொருந்தும். டேலி பேக்கப்பை அவர் வெளியே எடுத்து வைக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள், அந்த டிஸ்க்குக்கு வயசாகியிருக்கும்.

உங்கள் பிராசசர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எக்ஸ்எம்பி இல்லாமல், புது பயாஸில், இன்டெல் டீஃபால்ட்டில், ரேமையும் சோதித்த பிறகும் அந்த வீடியோ மெமரி செய்தி வந்தால் பிராசசரையே மாற்றிக் கேட்க வேண்டும், அது உங்கள் உரிமை. இந்த மாடல்களுக்கு இன்டெல் வாரன்ட்டியை இரண்டு வருஷம் கூட்டி மொத்தம் ஐந்து வருஷமாக்கியிருக்கிறது. பெட்டியின் லேபிளில் எஃப்பிஓ, ஏடிபிஓ என்று இரண்டு எண் இருக்கும், ஜிஎஸ்டி பில்லோடு அவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு இன்டெல்லின் வாரன்ட்டி பக்கத்திலேயே நேராக விண்ணப்பிக்கலாம். பிழை வரும்போது திரையையும் மைக்ரோகோடு எண்ணையும் சேர்த்துப் படம் எடுங்கள், எந்தெந்த செட்டிங்கில் சோதித்தீர்கள் என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான். பிராசசரைக் கழற்றியதும் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை போர்டில் மறக்காமல் மாட்டிவிடுங்கள், சாக்கெட் பின் ஒன்று வளைந்தாலும் போர்டு வாரன்ட்டியில் எடுக்கமாட்டார்கள்.